நூல்கள் இருக்கின்றன, வழி இல்லை: பல்கலைக்கழக நூலகங்களும் பொருள் வழிகாட்டிகளும்

பஞ்சமி நிலம் குறித்து ஆய்வேடு எழுத முனையும் ஒரு முதுகலை மாணவி, தம் பல்கலைக்கழக நூலகத்தின் கணினிப் பட்டியலில் 'பஞ்சமி நிலம்' என்று தட்டச்சு செய்தால் விரல்விட்டு எண்ணத்தக்க நூல்களே திரையில் தோன்றக்கூடும். இப்பொருளில் எழுதப்பட்டவை இவ்வளவுதான் என்று அவர் எண்ணிவிடவும் கூடும். உண்மை அதுவன்று. 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கை, அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த அரசாணை, வருவாய்த்துறையில் 'டி.சி. நிலம்' என்னும் பெயரில் வழங்கும் ஒப்படைப்புப் பதிவுகள், அந்நிலங்களின் விற்பனை செல்லுமா செல்லாதா என்பது குறித்த நீதிமன்றத் தீர்ப்புகள், 1994இல் காரணை நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தது பற்றிய செய்திகள் என்று சான்றுகள் விரிந்து கிடக்கின்றன. ஆனால் அவை வெவ்வேறு கட்டடங்களில், வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு மொழிகளில் இருக்கின்றன. அவற்றை ஒரே இடத்தில் வரிசைப்படுத்திக் காட்டும் ஒரு பக்கம் நூலகத்தின் இணையதளத்தில் இருந்தால், அம்மாணவியின் ஆய்வு வேறொரு உயரத்திலிருந்து தொடங்கும்.

அத்தகைய பக்கத்திற்குப் பெயர்தான் பொருள் வழிகாட்டி. அது எப்படி உருவாகிறது, அதில் எவை இடம்பெற வேண்டும், சமூகநீதி பேசும் நமக்கு அதில் என்ன அக்கறை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பொருள் வழிகாட்டி என்பது என்ன?

ஒரு பாடப்பொருளில் ஆய்வைத் தொடங்குகிற ஒருவர் எந்த நூலை முதலில் படிக்க வேண்டும், எந்த ஆய்விதழ்களைப் பார்க்க வேண்டும், எந்தத் தரவுத்தளத்தில் என்ன சொல்லிட்டுத் தேட வேண்டும், முதன்மைச் சான்றுகள் எங்கே உள்ளன, ஐயம் எழுந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்பவற்றை நூலகர் தொகுத்துத் தரும் இணையப் பக்கமே பொருள் வழிகாட்டி. நூற்பட்டியல் நூலகத்தில் இருப்பவற்றை எல்லாம் சொல்லும். வழிகாட்டியோ அவற்றுள் எதில் தொடங்குவது என்று தேர்ந்து சொல்லும்.

இது புதிய எண்ணமன்று. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக நூலகம் 'பாத்ஃபைண்டர்' என்ற பெயரில், ஒரு பொருளுக்கு ஒரு தாள் என்ற அளவில் அச்சிட்ட வழிகாட்டிகளை உருவாக்கியது. இணையம் வந்தபின் அத்தாள்கள் இணையப் பக்கங்களாயின. 2007இல் ஸ்பிரிங்ஷேர் என்னும் நிறுவனம் 'லிப்கைட்ஸ்' மென்பொருளை வெளியிட்டபின், மேலைநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களில் துறைக்கொரு வழிகாட்டி என்பது நடைமுறையாகிவிட்டது.

இதன் கருத்துவேர் நம் மண்ணிலும் உண்டு. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.அரங்கநாதன் 1931இல் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளுள் ஒன்று, வாசகரின் நேரத்தை நூலகம் மிச்சப்படுத்த வேண்டும் என்கிறது. வேறு இரண்டு விதிகள் வாசகருக்கு உரிய நூலையும் நூலுக்கு உரிய வாசகரையும் இணைப்பது நூலகத்தின் கடமை என்று வலியுறுத்துகின்றன. பொருள் வழிகாட்டி இம்மூன்று விதிகளையும் ஒருசேர நிறைவேற்றும் கருவி.

யாருக்கு இது மிகுதியும் தேவை?

எந்த நூலிலிருந்து தொடங்குவது, எந்த ஆய்விதழ் மதிக்கத்தக்கது, எந்த ஆவணக் காப்பகத்தில் யாரிடம் விண்ணப்பம் தர வேண்டும் என்பவை பாடத்திட்டத்தில் எழுதப்படாத அறிவு. தலைமுறை தலைமுறையாகக் கல்வி பெற்ற குடும்பங்களில் இது உணவு மேசையிலேயே கைமாறிவிடுகிறது. தந்தையின் நண்பர் ஒரு பேராசிரியராக இருப்பார். அத்தையோ மாமாவோ ஆய்வேடு எழுதியிருப்பார். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழக வாசலை மிதித்த மாணவருக்கு அந்த வட்டம் இல்லை. அவருக்கு இருப்பவை ஒரு நூலக அட்டையும் ஒரு செல்பேசியும் மட்டுமே.

கேட்டால் நூலகர் சொல்லமாட்டாரா என்று வினவலாம். சொல்வார். ஆனால் கேட்பதற்கே ஒரு துணிவு வேண்டியிருக்கிறது. 'இதுகூடத் தெரியாதா' என்ற பார்வைக்கு அஞ்சி, நூலக மேசையை நெருங்காமலே படிப்பை முடித்துச் செல்லும் மாணவர்கள் உண்டு. சாதியின் பெயரால் வகுப்பறையிலும் விடுதியிலும் ஏற்கெனவே அளந்து பார்க்கப்பட்டவருக்கு அந்த அச்சம் இருமடங்கு. நள்ளிரவிலும் எவர் முகத்தையும் பார்க்காமல் திறந்து படிக்கத்தக்க ஒரு பக்கம், அவருக்கு வசதி என்பதைக் கடந்து உரிமையாகிறது. சிலரது வீட்டுக்குள் மட்டும் புழங்கும் அறிவைப் பொதுவில் வைப்பதே வழிகாட்டியின் முதற்பணி.

ஒரு நூலுக்கு ஓர் அலமாரிதான்

நூலகத்தில் ஒரு நூல் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். அந்த இடத்தைத் தீர்மானிப்பது பகுப்பாக்கம். பெரும்பாலான நூலகங்கள் பின்பற்றும் டூயி தசமப் பகுப்பில், தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மக்களைப் பற்றிய நூல்கள் 305.5688 என்னும் எண்ணின்கீழ், சமூகக் குழுக்கள் பிரிவில் அடங்குகின்றன. அம்பேத்கர் 1923இல் வெளியிட்ட ரூபாயின் சிக்கல் பற்றிய நூல் பணவியலைச் சார்ந்தது. அதைப் பொருளாதார அலமாரியில் வைத்தால் சாதி ஒழிப்பைத் தேடிவரும் மாணவர் கண்ணில் படாது. 'அம்பேத்கரியம்' என்ற தனி அலமாரியில் வைத்தாலோ, பணக்கொள்கை படிக்கும் பொருளாதார மாணவர் அம்பேத்கரை ஒரு பொருளாதார அறிஞராக அறியாமலே பட்டம் பெற்றுவிடுவார். முன்னது சிதறல், பின்னது ஒதுக்கல். நூலகத்திற்குள்ளும் சேரி உண்டாவது இப்படித்தான்.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இதே சிக்கலை எதிர்கொண்டனர். 1930இல் வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின நூல் தொகுப்பின் பொறுப்பேற்ற டோரதி போர்ட்டர், கறுப்பினத்தவர் எழுதிய எதுவாயினும் குடியேற்றத்திற்குரிய 325, அடிமைமுறைக்குரிய 326 ஆகிய இரண்டு எண்களுக்குள் நூலகங்கள் அடைத்துவைத்திருந்ததைக் கண்டார். கவிதை நூலுக்கும் அதே கதிதான். அவர் அந்த முறையை ஏற்க மறுத்து, நூல்களை அவற்றின் துறைக்கும் ஆசிரியருக்கும் ஏற்ப மறுபடி வகைப்படுத்தினார். எண்ணிடுவதிலும் அரசியல் உண்டு என்பதைச் செயலால் மெய்ப்பித்தவர் அவர்.

ஒரு பல்கலைக்கழகத்தின் பகுப்பு எண்களை எல்லாம் மாற்றியமைப்பது நெடும்பணி. ஆனால் வழிகாட்டிக்கு அலமாரியின் கட்டுப்பாடு இல்லை. ரூபாயின் சிக்கலைப் பொருளாதார வழிகாட்டியிலும் அம்பேத்கர் வழிகாட்டியிலும் இந்திய வரலாற்று வழிகாட்டியிலும் ஒரே நேரத்தில் சேர்க்கலாம். நம் கோரிக்கையும் இதில்தான் தெளிவாகிறது. தலித் ஆய்வுகளுக்கென ஒரு தனி வழிகாட்டி வேண்டும். அத்தோடு சட்டம், பொருளாதாரம், தமிழிலக்கியம், பொதுநலவியல், நகர்ப்புறவியல் ஆகிய ஒவ்வொரு துறையின் வழிகாட்டியிலும் சாதி பற்றிய பகுதி இடம்பெற வேண்டும்.

பெயர்களின் வரலாறே தேடலின் திறவுகோல்

தலித் வரலாற்றைத் தேடுபவருக்குப் பெருந்தடை சொற்களே. ஆட்சியாளர்கள் இம்மக்களைக் காலந்தோறும் வெவ்வேறு பெயரால் பதிந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில ஆவணங்களில் 'பறையா' என்றும் 'பஞ்சமர்' என்றும் இருக்கும். எம்.சி.ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு அச்சொற்களை நீக்கி 'ஆதி திராவிடர்' என்பதை ஏற்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி ஆவணங்கள் 'ஒடுக்கப்பட்ட வகுப்பினர்' என்கின்றன. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்திற்குப் பின் 'பட்டியல் சாதிகள்' என்பது சட்டச் சொல்லானது. காந்தியரின் எழுத்துகளிலும் விடுதலைக்குப் பிந்தைய அரசுக் கோப்புகளிலும் 'ஹரிஜன்' என்றிருக்கும். 'தலித்' என்று மட்டும் தேடுபவருக்கு இவற்றுள் எதுவும் அகப்படாது.

நம் முன்னோர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர்கள் வேறு. அயோத்திதாசர் 'பூர்வ பௌத்தர்' என்றார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். அயோத்திதாசரின் இதழ் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கிப் பின்னர் 'தமிழன்' ஆனது. ஆங்கிலத்தில் அயோத்திதாசரின் பெயரையே ஒவ்வோர் ஆய்வாளரும் ஒவ்வொரு விதமாக எழுத்துக்கூட்டுகின்றனர். இவை அனைத்தையும் ஆண்டுவாரியாகப் பட்டியலிட்டு, எக்காலத்து ஆவணத்திற்கு எச்சொல்லை இட்டுத் தேடுவது என்று சொல்லும் அட்டவணை ஒன்று வழிகாட்டியின் முதற்பக்கத்தில் இடம்பெற வேண்டும். துறைகளின் பெயருக்கும் இது பொருந்தும். சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் நலப்பணி முதலில் தொழிலாளர் ஆணையரிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது. எனவே 1920களின் மனைப்பட்டா, பள்ளி, கிணறு பற்றிய செய்திகளைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தொழிலாளர் துறைக் கோப்புகளில் தேட வேண்டும். இதைச் சொல்ல யாருமின்றி நாட்களை வீணாக்கித் திரும்பிய ஆய்வாளர் எத்தனை பேரோ.

சொற்கள் மாறாதவை அல்ல. உலகெங்கும் நூலகங்கள் பின்பற்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளில் முன்பு 'தீண்டத்தகாதோர்' என்றிருந்த தலைப்பு இன்று 'தலித்துகள்' என்றாகியிருக்கிறது. அதே நூலகம் குடியேறிகளைச் 'சட்டவிரோத அந்நியர்' என்று குறித்து வந்ததை எதிர்த்து 2014இல் டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் விண்ணப்பித்தனர். 2016இல் மாற்றம் அறிவிக்கப்பட்டு, அரசியல் எதிர்ப்பால் தடைபட்டு, இறுதியில் 2021இல் அத்தலைப்பு கைவிடப்பட்டது. மாணவர் குரல் நூற்பட்டியலின் சொல்லையும் மாற்றும் என்பதற்கு இது சான்று.

வழிகாட்டியில் எவை இடம்பெற வேண்டும்?

முதலாவது, எல்லை. 'தலித் ஆய்வுகள்' என்னும் பரந்த தலைப்பில் ஒரு முகப்புப் பக்கமும், அதன்கீழ் நிலம், வன்கொடுமைச் சட்டம், கல்வி, இலக்கியம், இதழியல் வரலாறு என்று குறுகிய தலைப்புகளில் கிளைப்பக்கங்களும் அமைப்பது பயன்தரும். மாணவர் தேடிவருவது ஒரு கட்டுரைக்கோ ஓர் ஆய்வேட்டுக்கோ வேண்டிய குறிப்பிட்ட செய்தியைத்தான்.

இரண்டாவது, தேர்வு. ஒரு பக்கத்தில் நூறு இணைப்புகளைக் குவித்தால் அது மற்றொரு நூற்பட்டியலாகிவிடும். ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து முதல் பத்து ஆதாரங்கள் போதும்.

மூன்றாவது, குறிப்புரை. ஒவ்வோர் ஆதாரத்தின் கீழும் இரண்டு வரியில் அது எதற்குப் பயன்படும், எதைச் சொல்லாது என்று எழுத வேண்டும். வழிகாட்டியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சில எடுத்துக்காட்டுகள் காண்போம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 20 விழுக்காடு. ஆனால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களோடு, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. எனவே கிறித்தவத் தலித்துகள் இந்த எண்ணிக்கையில் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை, காவல்நிலையத்தில் பதிவான வழக்குகளை மட்டுமே எண்ணுகிறது. பதிய மறுக்கப்பட்ட புகார்கள் அதில் தென்படா. ஆகவே ஒரு மாவட்டத்தில் வழக்குகள் குறைவு என்பதற்கு வன்கொடுமை குறைவு என்று பொருளன்று. அம்பேத்கரின் எழுத்துகளையும் பேச்சுகளையும் மகாராஷ்டிர அரசு 1979 முதல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. அவை இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தமிழ்த் தொகுதிகளின் எண்கள் ஆங்கிலத் தொகுதி எண்களோடு ஒத்துப்போவதில்லை. எனவே மேற்கோள் காட்டும்போது எந்தப் பதிப்பு என்று குறிப்பிட வேண்டும். இத்தகைய இரண்டு வரி ஒரு மாணவரின் ஆய்வைப் பிழையிலிருந்து காக்கும்.

நான்காவது, முதன்மைச் சான்றுகள். ஞான.அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட அயோத்திதாசர் சிந்தனைகள், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பழைய இதழ்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றுக்கு எப்படிச் செல்வது, எவற்றை இணையத்தில் பார்க்கலாம், எவற்றுக்கு நேரில் போக வேண்டும் என்று பிரித்துக் காட்ட வேண்டும்.

ஐந்தாவது, ஆய்வேடுகள். காந்திநகர் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் 'சோத்கங்கா' தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் உள்ளன. ஆனால் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தும் படமாக வருடியும் ஏற்றப்பட்ட தமிழ் ஆய்வேடுகளின் உள்ளடக்கம் சொல்தேடலுக்கு எட்டாது. அவற்றைத் துறைவாரியாகப் பார்வையிடும் முறையை வழிகாட்டி கற்பிக்க வேண்டும்.

ஆறாவது, அணுகல். பல்கலைக்கழகம் சந்தா செலுத்தும் ஆய்விதழ்களை விடுதியிலிருந்தோ ஊரிலிருந்தோ திறக்கும் வழி பலருக்குத் தெரிவதில்லை. கல்லூரிகளுக்கான 'என்-லிஸ்ட்' திட்டம் பற்றியும் பலர் அறியார். 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ள 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. நம் கல்லூரி இத்திட்டங்களில் உள்ளதா, கடவுச்சொல் பெற யாரை அணுகுவது என்பவை எளிய தமிழில், படிப்படியாக இடம்பெற வேண்டும்.

ஏழாவது, வடிவம். நம் மாணவர் பெரும்பாலும் செல்பேசியில் படிப்பவர். தரவுக் கட்டணத்தை எண்ணிச் செலவழிப்பவர். எனவே பெரிய படங்களும் காணொளிகளும் பக்கத்தை அடைக்கக் கூடாது. பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் படிக்கும்படி எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும்; எழுத்துகளைப் படமாக ஒட்டக் கூடாது. நூலகத்துறைக்கே உரிய கலைச்சொற்களைத் தவிர்த்து, 'கட்டுரை தேட', 'தீர்ப்பு தேட' என்று செயலைச் சொல்லும் தலைப்புகள் இட வேண்டும்.

பழைய வழிகாட்டி தவறான வழிகாட்டி

வழிகாட்டியை உருவாக்குவதினும் அதைக் காப்பது கடினம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2015ஆம் ஆண்டின் திருத்தம் 2016 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்து, குற்றங்களின் பட்டியலை விரிவாக்கியது. 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில், கைது செய்வதற்கு முன் ஒப்புதலும், வழக்குப் பதிவதற்கு முன் தேவையெனில் தொடக்க விசாரணையும் என்று சட்டத்தை நீர்க்கச் செய்தது. நாடெங்கும் எழுந்த போராட்டங்களுக்குப் பின், அதே ஆண்டு நாடாளுமன்றம் 18-ஏ பிரிவைச் சேர்த்து அவை தேவையில்லை என்றாக்கியது. 2020இல் உச்சநீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. 2018 ஏப்ரலில் எழுதி அப்படியே விடப்பட்ட ஒரு வழிகாட்டியை இன்று ஒரு சட்ட மாணவரோ களப்பணியாளரோ நம்பினால், பாதிக்கப்பட்டவருக்கு அவர் தவறான அறிவுரை தர நேரிடும். காவல்நிலையத்தில் வாதாடும்போது அப்பிழையின் விலையைக் கொடுப்பவர் புகார் தர வந்தவர்.

ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் இறுதியாகச் சரிபார்த்த நாளும் பொறுப்பாளரின் பதவியும் இருக்க வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை இணைப்புகள் வேலை செய்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். பராமரிக்க ஆளில்லாத பக்கத்தை நீக்கிவிடுவதே நேர்மை. பயன்பாட்டை அளப்பதும் நன்று. ஆனால் எந்த மாணவர் எதைப் படித்தார் என்று தனியாள் விவரத்தைச் சேர்க்கக் கூடாது. சாதி வன்கொடுமை பற்றி யார் படிக்கிறார் என்னும் பட்டியல் எவர் கைக்கும் போகாதிருக்க வேண்டும்.

யார் உருவாக்குவது?

பணமில்லை என்பது பெரும்பாலும் முதல் விடையாக வரும். 'லிப்கைட்ஸ்' கட்டண மென்பொருள்தான். ஆனால் 'சப்ஜெக்ட்ஸ்பிளஸ்' என்னும் கட்டற்ற மென்பொருள் இதே பணிக்கென உருவானது. 'வேர்ட்பிரஸ்' தளமும் போதும். பல நூலகங்கள் பயன்படுத்தும் 'கோஹா' மென்பொருளின் நூற்பட்டியலிலிருந்து நேரே இணைப்புத் தரலாம். பற்றாக்குறை பணத்தில் இல்லை. பொருளறிந்தவரும் நூலகரும் சேர்ந்து உட்காரும் நேரத்தில்தான் இருக்கிறது.

எனவே நூலகர், துறைப் பேராசிரியர், ஆய்வு மாணவர் ஆகிய மூவரும் அடங்கிய சிறு குழுவே இதற்கு ஏற்றது. குழுவில் தலித் ஆய்வாளர்களின் இடம் உறுதிசெய்யப்பட வேண்டும். எந்த நூல் 'அடிப்படை நூல்' எனப்படுகிறது என்பது தேர்வு. தேர்வு என்பது அதிகாரம். தலித்துகளைப் பற்றிப் பிறர் எழுதியவை மட்டும் அடுக்கப்பட்டு, தலித்துகள் எழுதியவை 'தன்வரலாறு' என்னும் ஓரத்தில் ஒதுக்கப்பட்டால், பழைய அலமாரியே புதிய திரையில் வந்து நிற்கும். பாமாவின் 'கருக்கு' இலக்கிய வழிகாட்டியில் இருப்பது போலவே கிறித்தவத்தில் சாதி பற்றிய பகுதியிலும் இருக்க வேண்டும். சிறுபத்திரிகைகள், இயக்க வெளியீடுகள், உண்மை அறியும் குழு அறிக்கைகள் ஆகியவையும் சான்றுகளே. ஐஎஸ்பிஎன் எண் இல்லாததால் ஓர் ஆவணம் வரலாறு இல்லாததாகிவிடாது.

மாணவர் அமைப்புகள் இவ்வாண்டே செய்யத்தக்கவை சில உண்டு. தம் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் வழிகாட்டி உள்ளதா, அதில் சாதி பற்றிய பகுதி உள்ளதா என்று பார்த்து நூலகக் குழுவுக்கு எழுத்தால் விண்ணப்பம் தரலாம். வழிகாட்டி இல்லையெனில், ஒரே ஒரு குறுகிய தலைப்பில் பத்து ஆதாரங்களோடு மாதிரி ஒன்றைத் தாமே தயாரித்து நூலகரிடம் அளிக்கலாம். ஆய்வேட்டை முடித்த ஒவ்வொருவரும் தாம் தேடிய சொற்களையும் கண்டடைந்த கோப்புகளின் எண்களையும் இரண்டு பக்கத்தில் எழுதி அடுத்து வருபவருக்கு விட்டுச் செல்லலாம். முதல் தலைமுறை பட்ட அலைச்சலை இரண்டாம் தலைமுறை படவேண்டியதில்லை.

அம்பேத்கர் தாதரில் கட்டிய ராஜகிருகம் வீட்டில் பெரும் நூலகத்தைத் திரட்டிவைத்திருந்தார் என்று பெருமையோடு சொல்கிறோம். அவர் தேடித் திரட்டியதில் பெரும்பகுதி உழைப்பு, எது எங்கே இருக்கிறது என்று கண்டறிவதற்கே செலவாகியிருக்கும். அந்த உழைப்பை ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே மறுபடி செய்யவேண்டிய நிலையை மாற்றுவது இன்று நம் கையில் உள்ளது. அதற்கான விண்ணப்பத்தை வரும் கல்வியாண்டின் முதல் வாரத்திலேயே நூலகரின் மேசையில் சேர்ப்போம்.